விழுந்த எண்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான், என் வீட்டுக்காரர், உன் மருமகள் மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம். உன் முட்டி வலி எந்த மட்டுக்கு இருக்கு? லிஃப்ட் பரிசோதிக்கிற மனுஷன் படியேறி முட்டி தேய்ஞ்சு போனான்னா கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? அண்ணியை ரொம்பக் கேட்டதா சொல்லு.

விஷயத்துக்கு வரேன். ஞாயித்துக்கிழமை ஆனா நம்ம வீட்டு ஹால்ல அஞ்சு காலேஜ் பிள்ளைங்க வட்டமா உக்காந்து இருபது முகப் பகடை உருட்டுதுங்க. ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் வில்வீரன், என் பொண்ணு, அதான் உன் மருமகள், ஏதோ ராஜவம்சத்துப் பாடகியாம். ஒருத்தன் கதையை நடத்தறான். மத்தவங்க "நான் கதவைத் திறக்கறேன்", "நான் ஒளிஞ்சுக்கறேன்"னு சொல்றாங்க. நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லுது. அட, நம்ம விளையாட்டு! துணி தேய்க்கிற மேசையில நீ எனக்கு நடத்துவியே, அதேதான். ஆனா இது புதுப் பதிப்பு. புத்தகம் ஒவ்வொண்ணும் செங்கல் கனம், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். நம்மகிட்ட இருந்தது மூணு மெல்லிசுப் புத்தகம். அதுல வரைஞ்சிருந்த பூதத்துக்குக் கை எது கால் எதுன்னே தெரியாது.

அதைப் பார்த்ததிலேருந்து எனக்குப் பூனைக்கால் ஞாபகமாவே இருக்கு. ஆட்டத்துல நான் எடுத்துக்கிட்ட திருடி. என் கல்யாணத்தோட ஆட்டம் நின்னப்போ, அந்தப் பாழுங்கோட்டை நிலவறையில கையில விளக்கோட நின்னுட்டிருந்தா. இன்னும் அங்கேயேதான் நிக்கறா, பாவம். கண்ணாடிக் கடைக்குக் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கேன். லென்ஸ் தேய்ச்சது போதும்னு தோணுச்சு. நீ தபால்லயே நடத்தேன். போன் வேண்டாம். போன்ல நீ "சரி, வெச்சிடவா"ன்னு தொடங்கறதே ரெண்டாவது வாக்கியத்துல.

உன்,
வாண்டு


ஜனவரி 25

வாண்டுக்கு அண்ணன் எழுதறது.

நான் சுகம், அண்ணிக்குத்தான் கொஞ்சம் இருமல். முட்டி இருக்கு. இருக்குங்கிறதை ஒவ்வொரு படியிலயும் சொல்லுது.

நடத்தறேன். ஆனா பழைய பதிப்புதான். பகடையைச் சாப்பாட்டு மேசையில அண்ணி பார்க்க உருட்டுவேன். விழுந்த எண்ணை முதல்ல எழுதிட்டுதான் நடந்ததை எழுதுவேன். அப்புறம் அழறது, கெஞ்சறது எதுவும் என்கிட்ட நடக்காது. அது உனக்கே தெரியும்.

புதுப் பதிப்பை நானும் புரட்டிப் பார்த்தேன், ஆபீஸ்ல ஒருத்தர் வெச்சிருக்கார். உள்ளே காலை வைக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தனுக்கும் நாலு பக்கம் வாழ்க்கை வரலாறு. அடிபட்டு விழுந்தாலும் சாவு கிடையாது, பிழைக்கப் பல வாய்ப்பு. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தா எல்லாக் காயமும் ஆறிடுமாம். அந்தத் தூக்கம் எந்தக் கடையில கிடைக்கும்னு கேட்டுச் சொல்லு, என் முட்டிக்கு வேணும். நம்ம பதிப்புல உனக்கு ஒரு பேர், ஒரு கயிறு, ஒரு விளக்கு. அவ்வளவுதான். நீ உயிரோட வெளியே வந்தா அதுதான் கதை. நடத்தறவன் நடுவர். உன் பக்கமும் இல்லை, பூதத்தோட பக்கமும் இல்லை. புதுசுல அவன் யார் மனசும் நோகாம பார்த்துக்கணும் போல. எனக்கு அது வராது. லிஃப்ட் கம்பிக்கயிறு நைஞ்சிருந்தா நைஞ்சிருக்குன்னுதான் எழுதுவேன், அதுல ஏறப்போறது யாரா இருந்தாலும்.

ஆமா, ஏன் இடது பக்கம் பாதித் தாளைக் காலியா விட்டு எழுதியிருக்கே?

பூனைக்கால் முன்னாடி நீளமான ஒரு பாதை. தரையெல்லாம் தூசி. தூசியில யாரோ உள்ளே போன கால்தடம் இருக்கு. திரும்பி வந்த தடம் இல்லை. என்ன பண்றே?

அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள நடுவர் அவர்களுக்கு,

நலம். அங்கேயும் அப்படித்தான்னு நம்பறேன். அண்ணிக்கு இருமல் விட்டுச்சா?

இடது பக்கம் காலியா விட்டது, நீ திருத்தி எழுத இடம் இருக்கட்டும்னுதான். நான் எதை எழுதினாலும் நீ திருத்துவியே.

பூனைக்கால் கயித்துல கல்லைக் கட்டித் தரையில தட்டிக்கிட்டே, சுவர் ஓரமாப் போறா. அவசரப்பட மாட்டா.

புதுப் பதிப்பை ரொம்பத் திட்டாதே. போன வாரம் நான் சும்மா சோபாவில சாஞ்சு கேட்டுட்டிருந்தேன். உன் மருமகளோட பாடகி அடிபட்டு விழுந்துட்டா. வில்வீரன் கையில இருந்த புதையலைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வரான். மந்திரக்காரி தன் கடைசி மந்திரத்தை அவளுக்காகவே செலவு பண்றா. நாலு பேரும் சண்டையை விட்டுட்டு அவளைச் சுத்தி நிக்கறாங்க. நம்ம காலத்துல கூட வந்த கூலியாள் யாராவது விழுந்தா என்ன பண்ணுவோம்? விளக்கையும் கயித்தையும் எடுத்துக்கிட்டு அடுத்த அறைக்குப் போவோம். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கிட்டேன், ஒரு விளையாட்டுக்குப் போய்.

ஆனா உன் முறைதான் எனக்கு வேணும். அதையும் சொல்லிடறேன்.

வாண்டு


பிப்ரவரி 22

வாண்டுக்கு,

சுகம். அண்ணி இருமல் போயிடுச்சு, என்னைத் திட்ட முழுக் குரலும் திரும்பிடுச்சு.

விழுந்த எண்: 5.

கல்லால தட்டினது சரி. ஆனா தட்டினது வலது பக்கமாவே. இடது பக்கம் தரை பிளந்து பூனைக்கால் பள்ளத்துக்குள்ள விழுந்துட்டா. ஒன்பது உயிர்ப்புள்ளியில ரெண்டுதான் மிச்சம். நல்லா வேணும். அண்ணிகூட "ஐயோ, பாவம்யா அவ"ன்னா. பகடைக்குப் பாவ புண்ணியம் தெரியாதுன்னுட்டேன்.

பள்ளத்து அடியில ஒரு இரும்புப் பெட்டி, பூட்டியிருக்கு. உன் புது ஆட்களா இருந்தா இந்நேரம் நாலு பேர் குதிச்சிருப்பாங்க. உனக்கு யாரும் இல்லை. என்ன பண்றே?

உன் கையெழுத்து கோணலாப் போகுது. லீவுல சோம்பேறி ஆயிட்டியா?

அண்ணன்


மார்ச் 3

மதிப்புள்ள மச்சானுக்கு,

தாங்களும் அக்காவும் சௌக்கியமா இருக்கணும்னு வேண்டிக்கறேன். இந்தக் கடிதம் உங்க தங்கச்சிக்குத் தெரியாம எழுதறது.

நான் பஸ் ஓட்டறவன், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அவளுக்குக் கண்ணுக்குப் பின்னால தலைக்குள்ள ஒரு கட்டி. ரத்தக் குழாயைச் சுத்திக்கிட்டு இருக்காம். மே மாசம் ஆபரேஷன். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இருபது பேர்ல ஏழு பேர் மேசையிலேயே போயிடறாங்கன்னு சொன்னார். பிழைச்சாலும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லையாம். பண்ணாம விட்டா ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ இருப்பா, அதுல பாதி நாள் தெளிவா நடமாடலாம். அவகிட்ட நான் இது எதையும் சொல்லலை. சின்ன ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்னு சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சா அவ கையெழுத்துப் போட மாட்டான்னு பயம். நீங்களும் சொல்ல மாட்டீங்கன்னு வாக்குக் கொடுக்கணும்.

இன்னொண்ணு. கேக்கவே கூச்சமா இருக்கு. உங்க கடிதம் வர்ற நாள்ல மட்டும்தான் அவ சிரிக்கறா. அந்தப் பூனைக்காலைச் சாகடிச்சுடாதீங்க. ஏதோ புது விதியில சாகாம வெச்சுக்கலாம்னு மகள் சொன்னா. தயவு பண்ணுங்க.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை


மார்ச் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கே? வேளாவேளைக்குச் சாப்பிடறியா? வெயில்ல அலையாதே. நல்லாத் தூங்கு.

பெட்டியைத் திறக்கறேன்னு எழுதியிருந்தே. திறந்துட்டே. பூட்டுக்குள்ள விஷ ஊசி ஒண்ணு இருந்துச்சு. லேசா விரல்ல பட்டுச்சு, ஆனா நீ தப்பிச்சுட்டே. பெட்டிக்குள்ள காயம் ஆத்தற மருந்து இருக்கு. குடிச்சதும் உடம்பு பழையபடி ஆயிடுச்சு. பக்கத்துல ஒரு சின்ன கதவு. அதுக்குப் பின்னால காய்ஞ்ச, சுத்தமான ஒரு அறை. படுக்க மெத்தைகூட இருக்கு. எந்தப் பூதமும் அந்தப் பக்கம் வராது. பூனைக்கால் எவ்வளவு நாள் வேணும்னாலும் அங்கே தங்கிக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

பாசமுள்ள,
அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிப்பெல்லாம் இந்தத் தடவை கடைசியில வெச்சுக்கலாம்.

ரொம்ப நல்லவனா எழுதியிருக்கே. யார் செத்தா?

நிலவறையில மெத்தையாம்! எத்தனை வருஷம் உன்கிட்ட ஆடியிருக்கேன், நீ எனக்கு ஒரு கோணிப்பைகூடப் போட்டதில்லை. விஷ ஊசிக்குப் பழைய பதிப்புல ஒரே விதி. பதிமூணோ அதுக்கு மேலேயோ விழுந்தா உயிர், கீழே விழுந்தா சாவு. "லேசா பட்டுச்சு"ன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? எண் எங்கே? முதல்ல எண்ணை எழுதறேன்னு நீதானே சட்டம் போட்டே? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான். உன் புளுகு உறையைப் பிரிக்கற வரைக்கும்கூடத் தாங்கலை.

அவர் உனக்கு எழுதியிருக்கார். இல்லேன்னு சொல்லாதே. இருபது வருஷமா கண்ணாடிக் கடையில உக்காந்து ஊராரை "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா"ன்னு கேட்டவ நான். என் இடது பக்கம் எழுத்து காணாமப் போனது எனக்குத் தெரியாதா? சின்ன ஆபரேஷனுக்கு யாரும் மூணு டாக்டரைக் கூட்டி வெச்சுப் பேச மாட்டாங்க. இந்த வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. அவர் சிரிக்கறார், மகள் சிரிக்கறா, நர்ஸ் சிரிக்கறா. பல் தெரிஞ்ச சிரிப்பு. எனக்குப் பயமா இருக்கு அண்ணா. தனியா பயந்துக்கிட்டிருக்கேன், ஏன்னா என்கூட சேர்ந்து பயப்பட யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

உன்கிட்ட ஆட்டத்தைக் கேட்டதே அதுக்குத்தான். உலகத்துல ஒருத்தன் எனக்காக எண்ணை மாத்த மாட்டான்னு நினைச்சேன்.

ஒப்புதல் படிவத்துல ஏப்ரல் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். தெரியாத எண்ணுக்கு நான் போட மாட்டேன். ரெண்டு எண்ணையும் எழுது. ஊசிக்கு விழுந்தது, டாக்டர் சொன்னது.

முட்டியைப் பார்த்துக்கோ.

வாண்டு


ஏப்ரல் 17

அண்ணா,

தபால் தொலைஞ்சுதா, நீ தொலைஞ்சியா? சுகமாத்தான் இருப்பே. அண்ணிகிட்ட போன்ல பேசினேன். "உங்க அண்ணன் சாப்பாட்டு மேசையில பகடையை வெச்சுக்கிட்டு உருட்டாம உக்காந்திருக்கார்"னா.

நாள் போயிட்டே இருக்கு.

வாண்டு


ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் மருமகளும் தைரியமா இருக்கணும். உங்களுக்குப் போன்ல கொடுத்த வாக்கை நாளைக்கு மீறப் போறேன். முதுகுக்குப் பின்னால பண்ணக் கூடாதுன்னு முன்னாடியே எழுதறேன். உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீங்க பாசத்துல மறைச்சீங்க, நானும்தான். ஆனா லிஃப்ட்ல ஏறப்போறது அவ. கயிறு எந்த நிலையில இருக்குன்னு அவளுக்குச் சொல்லாம ரெண்டு பேருமாச் சேர்ந்து கதவைச் சாத்தறோம். என்னைத் திட்டறதுன்னா நேர்ல திட்டுங்க, அடுத்த மாசம் வரேன்.

உங்க மச்சான்


ஏப்ரல் 21

வாண்டு,

எல்லா நலமும் உனக்கே வரட்டும். எனக்கு இன்னிக்கு வேற எதுவும் எழுத வரலை.

ஊசிக்கு விழுந்த எண்: 3.

பூனைக்கால் செத்துட்டா. மார்ச் மாசமே செத்துட்டா. உருட்டினதும் அண்ணி எண்ணைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. நான் பகடையை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். மெத்தையை அப்புறம்தான் கண்டுபிடிச்சேன்.

டாக்டர் சொன்ன எண்ணை நம்ம கணக்குலயே எழுதறேன். இருபது முகப் பகடையில எட்டோ அதுக்கு மேலேயோ விழணும். ஏழும் அதுக்குக் கீழேயும் விழுந்தா மேசையிலேயே போயிடுவே. எட்டோ மேலேயோ விழுந்தாலும் கண்ணு ரெண்டும் போகலாம். அதுக்கு அவர் எண் சொல்லலை, சொல்ல முடியாதுன்னுட்டாராம். ஆபரேஷன் பண்ணாம விட்டா ஒரு வருஷம், மிஞ்சினா ஒன்றரை. அதுல பாதி நாள் நல்லா இருப்பே. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், எதையும் கூட்டலை, குறைக்கலை.

இதை எழுத மூணு வாரம் எடுத்துக்கிட்டேன். ஒவ்வொரு நாளும் எழுத உக்காருவேன், கை வராது. வேலைக்குப் போனேன், ஒரு பழைய கட்டடத்து லிஃப்ட்டை மூடச் சொல்லி எழுதிட்டு, வெளியே வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன். வாட்ச்மேன் முட்டி வலின்னு நினைச்சுத் தைலம் கொண்டு வந்து கொடுத்தார்.

புதுப் பதிப்பைப் பொய்யின்னு திட்டினேன். அது பொய் இல்லை. இந்த ஆட்டத்துல சாவு லேசில் வராதுன்னு முன்னாடியே புத்தகத்துல அச்சடிச்சு, எல்லாரும் படிச்சு ஒத்துக்கிட்டுதான் அவங்க உக்கார்றாங்க. பழைய பதிப்பு ஆடறேன்னு சொல்லிட்டு எண்ணை மறைச்சவன் நான்தான். அதுக்கு எந்தப் பதிப்புலயும் இடம் இல்லை.

கையெழுத்துப் போடு, போடாதேன்னு நான் சொல்ல மாட்டேன். நீ எதைச் சொன்னாலும் வந்து பக்கத்துல உக்கார்றேன். எனக்கும் பயமா இருக்கு வாண்டு. ரொம்பப் பயமா இருக்கு.

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க மூணு பேரும் இருக்கோம். நல்லா இருக்கோமான்னு கேக்காதே. அண்ணிக்கு என் அன்பு.

உன் கடிதத்தைச் சத்தமாப் படிக்கச் சொன்னேன். அவர்தான் படிச்சார். பாதியில நிறுத்திட்டார். முழுசாப் படின்னேன். படிச்சு முடிச்சதும் நான் போட்ட சத்தத்துல எதிர் வீட்டு ஜன்னல் திறந்துச்சு. "என் உயிரை எனக்குத் தெரியாம பந்தயம் கட்டினியா"ன்னு கேட்டேன். அவர் தரையில உக்காந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அப்புறம் நானும். அப்புறம் மகள் வந்து அவளும். நாலு மாசமா இந்த வீட்டுல யாரும் அழவே இல்லை, தெரியுமா? அன்னிக்கு ராத்திரி நான் அசந்து தூங்கினேன்.

மறுநாள் கையெழுத்துப் போட்டேன். மே 14. எட்டுன்னா எட்டு. எண் தெரிஞ்சா நிக்க ஒரு இடம் கிடைக்குது. தெரியாம நின்னதுதான் பள்ளம்.

பூனைக்கால் செத்தவ செத்தவதான். மருந்து, மெத்தை எல்லாம் செல்லாது. அவளுக்காக நான் நிஜமாவே அழுதேன், சிரிக்காதே. நான் கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்தேனோ அது முழுக்க அவகிட்ட இருந்துச்சு. எனக்குப் புதுசா ஒருத்தியை உருட்டு. எண் என்ன வந்தாலும் சரி, அப்படியே எழுது.

வந்து பக்கத்துல உக்கார்றேன்னு சொன்னியே. வா.

வாண்டு


ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்றது நான், எழுதறது உன் மருமகள். நீயும் அண்ணியும் பத்திரமா ஊர் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். ஆஸ்பத்திரி நாற்காலியில மூணு வாரம் உக்காந்ததுல முட்டி இன்னும் மோசமாகி இருக்கும், சொல்லலைன்னாலும் தெரியும்.

நேத்து டாக்டர் கடைசியாச் சொல்லிட்டார். என்னையே உக்கார வெச்சு, எனக்கு நேராவே சொன்னார். வலது கண்ணுல வெளிச்சம் எங்கே இருக்குன்னு மட்டும் தெரியும். இடதுல அதுவும் இல்லை. இதுக்கு மேல வராதாம். சரின்னேன். வீட்டுக்கு வந்து தட்டை உடைச்சேன், ஒண்ணு இல்லை, நாலு. கடை முதலாளி வந்து பார்த்துட்டுப் போனார். இனிமே அங்கே எனக்கு வேலை இல்லைன்னு அவர் சொல்லலை, நானே சொல்லிட்டேன்.

நீ உருட்டிக் கொடுத்துட்டுப் போன புதுப் பெண்ணுக்கு உயிர்ப்புள்ளி ஒண்ணுதான். இப்படி ஒரு நோஞ்சானை வாழ்க்கையில பார்த்ததில்லை. ஒத்தை உயிர்னு பேர் வெச்சுட்டேன். அவளை நிலவறை வாசல்ல நிறுத்து. இந்த ஆட்டத்துல மட்டும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எப்பவும் நீ சொல்லித்தானே அங்கே என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. அவ கதவைத் தள்ளறா. என்ன இருக்கு, சொல்லு.

அண்ணிக்கு என் அன்பு.

வாண்டு

மாமா, இது நான் சொந்தமா எழுதறது. இதைச் சொல்லும்போது அம்மா ரெண்டு தடவை நிறுத்தி அழுதாங்க. அதை எழுதாதேன்னாங்க, எழுதறேன். எங்க ஆட்டத்துல யாரையும் தனியா உள்ளே அனுப்ப மாட்டோம். அதனால எனக்கும் ஒருத்தியை உருட்டுங்க, உங்க பழைய விதிப்படியே. அவ அம்மாவுக்கு முன்னாடி நடப்பா. "பழைய பதிப்புல முன்னாடி போறவதான் முதல்ல சாவா, உனக்குத் தெரியாது"ன்னு அம்மா சத்தம் போடறாங்க. தெரியும்னு சொல்லிட்டேன்.